சொல்லாமல் பூட்டிய கம்பி



இம்முறை உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட விடயம் ஓர் இரும்புக் கம்பி. மௌலவி ஒருவருக்குக் கராஜில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்தக் கம்பியால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு, இது உங்களிடம் சொல்ல வேண்டியதா இல்லையா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது பலாங்கொடையில். நான் டவுனிலுள்ள பாடசாலையில் மௌலவி ஆசிரியர். வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். என் மனைவியும் ஆசிரியைதான். அவர் படிப்பிப்பது பின்னவலைப் பக்கம் ஏறிப் போனால் வரும் ஒரு தோட்டப் பாடசாலையில். (யானைகள் குளிக்கும் பின்னவலை கேகாலையில் இருக்கிறது. இது பலாங்கொடையிலிருந்து பொகவந்தலாவைக்கு ஏறும் பாதையிலுள்ள பின்னவலை. கடிதம் மாறிப் போவதுபோல் ஆட்களும் மாறிப் போவதுண்டு.) ஆகவே எங்கள் வீட்டுக் காரை வாரத்தில் ஐந்து நாளும் ஓட்டுபவர் அவர்தான். தூரப் பயணத்துக்கு மட்டும் நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கார் 2002ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 ஆரம்பத்தில்தான். அந்த ஐந்து வருடங்களில் பழைய காரின் விலை பொன் விலையாய் ஏறியது உங்களுக்குத் தெரியும். எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இருந்ததைப் பேணி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

என் மாமியின் வீடு ஹெம்மாத்தகமையில். 2024 ஓகஸ்ட் விடுமுறையில் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாவனல்லை, கேகாலை, ருவன்வெல்லை, அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை என்று சப்ரகமுவையையே ஒரு சுற்றுச் சுற்றுகின்ற பயணம். முடக்குக்கு மேல் முடக்கு. ஒவ்வொரு முடக்கிலும் கார் ஒரு பக்கம் சரியும், மாமி கதவுக்கு மேலே உள்ள பிடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு "யா லத்தீஃப், யா லத்தீஃப்" என்பார். எஹலியகொடையில் ஒரு தடவை, குருவிட்டையில் ஒரு தடவை இறங்கி வாந்தியெடுத்தார். வீடு வந்து சேர்ந்தபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அந்தப் பயணத்தில் எங்களுடன் வந்தவர் என் தாத்தாவின் மகன். மாவனல்லைப் பிள்ளை, வயது இருபத்து மூன்று, கார் என்றால் உயிர். "மாமா, இந்தக் காருக்குப் பின்னால ஒரு ஸ்வே பார் பூட்டினா இந்த ஆட்டமே இருக்காது" என்றார். அடுத்த மாதமே கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடையொன்றில் தேடிப்பிடித்து, பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தும்விட்டார்.

அது என்ன கம்பி என்று கேட்பீர்கள். கார் வளையும்போது உடம்பு வெளிப்பக்கமாகச் சரிகிறது. அந்தப் பக்கத்துச் சுருள்வில் அமுங்குகிறது, மற்றப் பக்கத்து வில் நீள்கிறது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும்போது கம்பி சும்மா இருக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் கம்பி முறுக்கப்படும். ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு கையை முன்னும் மறு கையைப் பின்னும் திருகுகிறீர்களே, அதே முறுக்கு. இரும்பு முறுகச் சம்மதியாது. அந்தச் சம்மதியாமைதான் காரைச் சரியாமல் பிடிக்கிறது. இது புதிய யோசனையும் அல்ல. 1919இலேயே கனடாக்காரர் ஸ்டீபன் கோல்மன் இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். விட்ஸ் காரின் பின்புறத்தில் இரண்டு சக்கரங்களையும் தாங்கும் கைகளை ஒரு குறுக்குத் தகடு இணைக்கிறது. அந்தத் தகடே முறுகிக்கொண்டு ஓரளவு இந்த வேலையைச் செய்கிறது. மருமகன் கொண்டுவந்தது அதற்குத் துணையாக இரண்டு கைகளுக்கும் குறுக்கே பூட்டும் கம்பி.

ஒரு விடயம் என்னை வியக்க வைத்தது. இத்தகைய கம்பியின் முறுக்கு வலிமை அதன் பருமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறதாம். 16 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதில் 19 மில்லிமீற்றர் கம்பி போட்டால், வெறும் மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம், வலிமையோ ஏறத்தாழ இரட்டிப்பு. கண்ணால் பார்த்து "கொஞ்சம் தடிப்பு" என்று சொல்லிவிட முடியாத பொருள் இது. அப்போது அதை வெறும் கணக்காகத்தான் ரசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி சக ஆசிரியை ஒருவரின் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தார். வீட்டுக்குப் பின்னால் சீமெந்து போட்ட இடத்தில் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜேக்கினால் உயர்த்தினோம். ஜேக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கு அடியில் போகக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றதால், மருமகன் பக்கத்துக் கராஜில் இரண்டு இரும்புத் தாங்கிகளை இரவல் வாங்கி வந்தார். நான் செய்த ஒரேயொரு புத்தியான காரியம் அதுதான். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கம்பியைக் குறுக்கே பிடித்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு போல்ட். அளவு வந்ததும் "டிக்" என்று சத்தமிடும் ஒரு ஸ்பானரால் இறுக்கினார். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. கைகளைக் கழுவிக்கொண்டு தேநீர் குடித்தோம்.

பின்னேரம் பெலிஹுல்ஓயாப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். வெயில், பாதை காய்ந்து கிடந்தது. என்ன சொல்ல! முடக்குகளில் கார் தண்டவாளத்தில் போவதுபோல் போனது. சரிவே இல்லை. நாற்பது வயது தாண்டிய மௌலவி என்பதை மறந்து, ஒரு முடக்கைத் திரும்பி வந்து இரண்டாம் தடவையும் ஓட்டினேன் என்பதை உங்களிடம் ஒளிக்க மாட்டேன். அடுத்த வாரம் மாமியை ஹெம்மாத்தகமைக்குக் கொண்டுபோய் விட்டபோது அவர் ஒரே தடவைதான் வாந்தியெடுத்தார். "இந்த முற கார் நல்லா போச்சி மகன்" என்று துஆ வேறு செய்தார்.

மனைவியிடம் சொன்னீர்களா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். போல்ட்டும் நட்டும் பெண்களுக்கு எதற்கு என்ற எண்ணம் உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. அந்தக் காரை என்னைவிட அதிகம் ஓட்டுபவர் அவர் என்பது அந்த எண்ணத்துக்குத் தடையாக இருக்கவில்லை.

ஒக்டோபர் மாதம். எங்கள் பகுதியில் பின்னேரமானால் இடியுடன் மழை கொட்டும் காலம். பாடசாலை விட்டு மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தார். காரில் இன்னும் இரண்டு ஆசிரியைகள், அவர்களில் ஒருவரின் நான்கு வயதுப் பிள்ளை. இடப்பக்கம் மலைச்சுவர், வலப்பக்கம் தேயிலைச் சரிவு. இடதுபுறம் வளையும் ஒரு முடக்கில் எதிரே கொழுந்து லொறி ஏறி வந்தது. யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பயந்து எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அவ்வளவுதான், காரின் பின்பகுதி வலப்பக்கமாக விசிறிக்கொண்டு போனது. கார் பாதிச் சுற்றுச் சுற்றி, முகம் மலைச்சுவரைப் பார்க்க, முன் சக்கரம் கானில் விழுந்து நின்றது. லொறிச் சாரதி பிரேக் அடித்து நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். தோட்டத்து ஆட்கள் ஓடி வந்து காரைத் தூக்கி விட்டார்கள். அந்தப் பிள்ளை அழவே இல்லையாம். அதைச் சொல்லும்போதுதான் மனைவி அழுதார்.

அன்றிரவு அவர் சொன்னது ஒரேயொரு வாக்கியம்: "அது நம்மட கார் மாதிரி இருக்கல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே கம்பி நினைவுக்கு வந்தது. வாய் திறக்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டார் வந்தார்கள். "பொம்புளையள் மலப் பாதயில ஓட்டினா இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. மூன்று நாள் அவர் காரைத் தொடவில்லை. பஸ்ஸில் போனார், விடியற்காலையில் எழும்பி, இரண்டு பஸ் மாறி. இனி நான் ஓட்டவில்லை, எனக்குக் கை சரியில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சகோதரிகளே, கம்பியைப் பூட்டியதைவிட எனக்கு வெட்கமாக இருப்பது இந்த மூன்று நாட்கள்தான்.

நான்காம் நாள் காரை எங்கள் பாஸிடம் கொண்டுபோனேன். வயதான சிங்களவர், நாற்பது வருடமாகக் காருக்கு அடியில் கிடப்பவர். குனிந்து பார்த்தார். "மௌலவிதுமா, இதை யார் பூட்டியது? ஓட்டுகிற நோனாவுக்குத் தெரியுமா?" என்றார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முடக்கில் காரின் பாரம் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. கம்பி அந்த மொத்த மாற்றத்தைக் குறைப்பதில்லை. அதில் முன்பக்கத்தின் பங்கு எவ்வளவு, பின்பக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதையே மாற்றுகிறது. அரபுக் கல்லூரியில் நாங்கள் படித்த வாரிசுரிமைப் பாடம் போலத்தான். சொத்து அதேதான், ஒரு வாரிசின் பங்கு மாறினால் மற்றவரின் பங்கும் மாறும். பின்னால் கம்பி பூட்டினால் பாரமாற்றத்தில் பின்பக்கத்தின் பங்கு கூடுகிறது. டயரின் பிடிப்போ பாரம் கூடும் அளவுக்குக் கூடுவதில்லை. வெளிப்பக்க டயருக்குக் கிடைப்பது உட்பக்க டயர் இழந்ததை ஈடு செய்யாது. ஆகவே பின் சக்கரங்கள் இரண்டின் மொத்தப் பிடிப்புக் குறைந்து, முன்பக்கத்தின் பிடிப்புக் கூடுகிறது. காய்ந்த பாதையில் அது எனக்கு இனித்தது. கார் சொன்ன பக்கம் உடனே திரும்பியது அதனால்தான்.

முன் சக்கரத்தால் இழுக்கப்படும் சின்னக் கார்களைத் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே வேறு விதமாக அமைக்கிறார்கள். வேகம் மிஞ்சினால் முதலில் முன்பக்கம் வழுக்கி, கார் நினைத்ததைவிடக் குறைவாகத் திரும்பும். பயந்தவர் காலை எடுப்பார். பாரம் முன்னால் வந்து முன் சக்கரம் பிடித்துக்கொள்ளும், கார் வழிக்கு வரும். மனிதனின் இயல்பான பயமே அவனைக் காப்பாற்றுமாறு செய்த ஏற்பாடு. பின்பக்கம் முதலில் வழுக்கும் காரில் அதே பயம் எதிரியாகிவிடுகிறது. காலை எடுத்ததும் பாரம் முன்னால் போகிறது, பின்பக்கம் இன்னும் இலேசாகிறது, இன்னும் வழுக்குகிறது. என் மனைவி நான்கு வருடமாக அந்தக் காரிடம் கற்றுக்கொண்ட பாடம் சரியானது. கார்தான் அவருக்குத் தெரியாமல் பாடத்தை மாற்றிவிட்டது. மாற்றியவன் நான்.

ஆனால் பாஸ் நியாயமான மனிதர். கம்பியின் மேல் மட்டும் பழி போட அவர் விடவில்லை. "பின் டயரைப் பாருங்கள்" என்றார். நான் சில மாதங்களுக்கு முன் இரண்டு புது டயர் வாங்கியிருந்தேன். முன் சக்கரம்தானே காரை இழுக்கிறது, அதற்குத்தான் புதியது என்று முன்னால் போட்டுவிட்டுப் பழையதைப் பின்னால் விட்டிருந்தேன். ஊரில் அனேகமானோர் செய்வதும் இதுதான். டயர்க் கம்பனிகள் சொல்வதோ நேர்மாறு. இரண்டு மட்டும் வாங்கினால் நல்லதைப் பின்னாலேயே போட வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் சாரதி ஸ்டியரிங்கில் அதை உணர்ந்து வேகத்தைக் குறைக்க முடியும். பின்பக்கம் சொல்லிக்கொண்டு வழுக்குவதில்லை.

டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், அதைப் பார்க்கவும் அவர்தான் கற்றுத் தந்தார். முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு வருடம். எங்கள் பின் டயரில் 1415 என்றிருந்தது. 2015இன் பதினான்காம் கிழமை. ஒன்பது வருடத்துக்கு மேல் பழைய இறப்பர், கல்லாய் இறுகியிருந்தது. சகோதரிகளே, இந்த நான்கு இலக்கத்தை உங்கள் வீட்டுக் காரில் இன்றே பார்த்துவிடுங்கள், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு பின்பக்க மூலையைக் கையால் பலமாக அமுக்கி விட்டார். நல்ல சொக் அப்சோபர் என்றால் ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். எங்கள் கார் தொட்டில் போல் ஆடியது. உள்ளே பார்த்தால் எண்ணெய் ஒழுகிக் கருத்திருந்தது. முன்னால் கம்பனியே பூட்டியிருந்த கம்பியின் இறப்பர் புஷ்களும் தேய்ந்து வெறுமையாகியிருந்தன. மாமியைப் படுத்திய ஆட்டத்தில் பெரும்பங்கு இவற்றுடையது. கையடக்கமான சில இறப்பர் துண்டுகளும் இரண்டு சொக் அப்சோபரும் கேட்ட வேலைக்கு, நாங்கள் பஞ்சிகாவத்தை வரை போய் இரும்பு தேடியிருக்கிறோம்.

பெரிய கம்பனிகளுக்கும் இந்த விடயத்தில் சறுக்கியிருக்கிறது. 1997 ஒக்டோபரில் சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர்கள், வீதியில் திடீரென மான் குறுக்கிட்டால் விலகுவதுபோல் மெர்சிடிஸ் பென்ஸின் சின்ன ஏ கிளாஸ் காரை ஓட்டிப் பார்த்தபோது அது கவிழ்ந்துவிட்டது. கம்பனி விற்பனையை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, கார் வழுக்கும்போது தேவைப்படும் சக்கரத்தைத் தானாகவே பிரேக் பிடிக்கும் மின்னணு ஏற்பாட்டையும் சேர்த்தது. அமெரிக்காவில் 2012 மாதிரிக் கார்களிலிருந்து அந்த ஏற்பாடு கட்டாயம். எங்கள் 2002 விட்ஸில் அது கிடையாது. அதில் இருப்பது ஓட்டுபவரின் கையும் காலும்தான்.

அன்று மஃரிபுக்குப் பின் மனைவியை உட்காரவைத்துச் சொன்னேன். கம்பி, டயர், நான் வாய் மூடியிருந்த மூன்று நாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப நான் பிழையா ஓட்டல்லயா?"

"இல்ல."

"அந்த மனுசன் பொம்புளையள்னு சொல்லக்குள்ள நீங்க அங்கதானே நின்டீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய், பிழை யாருடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். தேநீர் கொடுத்தார்கள், இறங்குவது கஷ்டமாக இருந்தது.

கம்பியை வைப்பதா கழற்றுவதா என்பதை மனைவியிடமே விட்டேன். அவர் பாஸிடம் நேரில் போய், புது டயரும் சொக் அப்சோபரும் போட்ட பிறகு கம்பி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விவரமாகக் கேட்டார். நல்ல டயரும் பழக்கமும் இருந்தால் அதோடும் ஓட்டலாம், ஆனால் தோட்டத்துக் குண்டும் குழியுமான பாதையில் ஒரு சக்கரம் குழியில் விழும்போது கம்பி மற்றச் சக்கரத்தையும் இழுக்கும், மழையில் அது நல்லதல்ல என்றார் அவர். "கழட்டுங்க" என்றார் மனைவி. நான்கு போல்ட், இருபது நிமிடம்.

மூன்றாம் நாளிலிருந்து அவர் மறுபடி ஓட்டத் தொடங்கினார். முதல் தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அந்த முடக்கில் அவர் ஒன்றும் பேசாமல் இரண்டாம் கியருக்கு மாறினார். நானும் ஒன்றும் பேசவில்லை. மாமி இப்போது வரும்போது முன் ஆசனத்தில் அமர்ந்து, கையில் ஒரு தேசிக்காயுடன், பாதையைப் பார்த்துக்கொண்டே வருகிறார். சில நாள் வாந்தி, சில நாள் இல்லை. "அந்த முற போன மாதிரி இல்லயே மகன்" என்று மட்டும் இன்னும் குறைப்படுவார்.

கம்பி எங்கள் பின் விறாந்தையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. போன மாதம் மருமகன் தொலைபேசியில் வந்தார். "மாமா, அது சும்மாதானே கிடக்கு? உம்மாட விட்ஸுக்குப் பூட்டப் போறேன்" என்றார். என் தாத்தாவிடமும் அதே கார்தான். நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் மனைவி தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"உம்மாட்டக் கேட்டீங்களா மகன்?"

அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.